சிறகு கட்டும் பொழுது

பொழுதுபோக்கு என்னும் சொல் எமக்கு அவ்வளவாக உவப்பானதன்று. பொழுது தானாகவே போய்விடும். அதனைப் போக்குவதற்கு மனிதன் பாடுபட வேண்டியதில்லை. போகின்ற பொழுதைக் கையைப் பிடித்து நிறுத்தி, அதனிடமிருந்து ஏதேனும் ஒன்றைப் பெற்றுக்கொள்வதே அரிது. அவ்வாறு எமது பொழுதைப் பல ஆண்டுகளாக நிறுத்தி வைத்திருக்கும் ஒரு முயற்சியைப் பற்றி இன்று வாசக அன்பர்களுடன் சிறிது அளவளாவ விரும்புகின்றோம். சின்னஞ்சிறு விமானங்களைக் கட்டிப் பறக்க விடுவதே அம்முயற்சியாகும். கடையில் வாங்கிப் பெட்டியைத் திறந்தவுடன் பறக்கும் இக்காலத்துப் பொறிகளை நாம் குறிப்பிடவில்லை. பாட்டன்மார் காலத்திலே வரையப்பட்ட படங்களை விரித்து வைத்து, மரக்குச்சியும் கடதாசியும் பசையும் கொண்டு கட்டப்படும் பழைய பாணி விமானங்களையே குறிப்பிடுகின்றோம்.

"தலை நரைத்த பின்னர் இது என்ன சிறுபிள்ளை விளையாட்டு?" என்று உறவினர் சிலர் எம்மைக் கேட்டதுண்டு. தைப்பொங்கல் நாளிலே வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஆள் உயரப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெரியவர்களை எவரும் இவ்வாறு கேட்பதில்லை. மூங்கிலைச் சீவி, நிறை பார்த்து, முச்சை கட்டி, விண் பூட்டி ஏற்றுபவனுடைய கைக்கும், விமானம் கட்டுபவனுடைய கைக்கும் வேற்றுமை மிகச் சிறிது. ஒரே ஒரு வேற்றுமை மட்டும் பெரிது. பட்டத்துக்கு நூல் உண்டு. கைவிட்ட விமானத்துக்கு நூல் இல்லை. அது போனால் போனதுதான். இக்கலையின் இன்பமும் துன்பமும் அந்த நூலின்மையிலேயே அடங்கியுள்ளன.

விளையாட்டுப் பொருளின் வரலாறு

இஃது விளையாட்டுத்தான், ஆயினும் மனிதன் வானத்தில் ஏறியதே இவ்விளையாட்டைப் படியாக வைத்துத்தான் என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று. 1804 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ஜோர்ஜ் கெய்லி என்பவர் ஒரு சிறு மாதிரி மிதவை விமானத்தைக் கட்டிப் பார்த்தார். 1871 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 18 ஆந் தேதி, பாரிசு நகரத்துத் துயிலரிப் பூங்காவிலே அல்போன்சு பெனோ என்னும் இருபத்தொரு வயது இளைஞர், முறுக்கிய இறப்பர் நாடாவினால் இயங்கும் சிறு விமானமொன்றைப் பலர் முன்னிலையில் பறக்க விட்டார். அது 11 விநாடி பறந்து ஏறக்குறைய 40 மீற்றர் சென்றது. வாலிலே ஒரு சிறு சாய்வு வைத்தால் விமானம் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும் என்னும் உண்மையை அவர் அன்று உலகுக்குக் காட்டினார். மனிதரை ஏற்றிச் செல்லும் பெரிய விமானத்துக்கும் அவர் திட்டம் வரைந்தார். பொருளுதவி செய்வார் எவருமிலர். மனம் உடைந்து 1880 ஆம் ஆண்டில், முப்பது வயதிலேயே அவர் மாண்டு போனார்.

ஆனால் அவர் முறுக்கிய இறப்பர் வீண் போகவில்லை. 1878 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே ஒரு பாதிரியார், பெனோவின் வழியில் அமைந்த விளையாட்டுப் பொருளொன்றைத் தம் பிள்ளைகளுக்கு வாங்கி வந்து கொடுத்தார். தக்கையும் மூங்கிலும் கடதாசியும் இறப்பருமாக அமைந்த அப்பொருள் அறையின் கூரையை நோக்கி எழுந்தது. அதனைப் பார்த்து வாய் பிளந்து நின்ற சிறுவர் இருவர்தாம் வில்பர் ரைட்டும் ஓர்வில் ரைட்டும். 1903 ஆம் ஆண்டு திசெம்பர் 17 ஆந் தேதி அவர்களுடைய முதற் பறப்பு 12 விநாடி நீடித்தது. சென்ற தூரம் 120 அடி. பெனோவின் விளையாட்டு விமானம் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அதைவிடச் சற்றுக் கூடுதலான தூரம் சென்றிருந்தது! எதிர்க்காற்றிலே மனிதனைச் சுமந்து சென்றதே ரைட் சகோதரரின் பெருமை. எனினும் அப்பெருமைக்கு விதை இட்டது ஒரு விளையாட்டுப் பொருளே.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பள்ளிச் சிறுவரிடையே இக்கலை காட்டுத்தீயெனப் பரவியது. வேக்பீல்ட் பிரபு வழங்கிய கிண்ணத்துக்காக இறப்பர் விமானங்கள் நாடு விட்டு நாடு சென்று போட்டியிட்டன. 1939 ஆம் ஆண்டுப் போட்டியிலே டிக் கோர்டா என்னும் அமெரிக்க இளைஞரின் விமானம் 43 நிமிடத்துக்கு மேல் வானில் நின்றது. முறுக்கிய இறப்பரோ ஓரிரு நிமிடத்துக்கே வலு உடையது. எஞ்சிய நேரமெல்லாம் அதனைத் தாங்கி நின்றது எது? அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பிலடெல்பியா நகரத்து மாணவரான வில்லியம் பிறவுண் 1930களின் தொடக்கத்திலே உள்ளங்கையில் அடங்கும் பெற்றோல் எஞ்சின் ஒன்றைச் செய்தார். போருக்குப் பின்னர் இங்கிலாந்திலே ஈதரும் மண்ணெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருளால் ஓடும் சிறு டீசல் எஞ்சின்கள் வந்தன. அந்த மணத்தை ஒருமுறை நுகர்ந்தவர் வாழ்நாளில் மறக்கமாட்டார், வீட்டிலுள்ளோரும் மறக்கமாட்டார்கள்.

காலம் மாறியது. வானொலியால் இயங்கும் விமானங்களும், பின்னர் மின்கலத்தால் இயங்குவனவும் வந்தன. பழையன கழிந்துவிடுமோ என்று அஞ்சிய அமெரிக்கர் சிலர் 1960களிலே ஒரு சங்கம் கண்டனர். 1942 ஆம் ஆண்டு முடிவதற்குள் வரையப்பட்ட விமானங்களே பழையன என்பது அவர்கள் வகுத்த எல்லை. பிரித்தானியாவிலுள்ள கிளையினர் தம் நாட்டு வழக்கத்துக்கேற்ப அவ்வெல்லையை 1950 ஆம் ஆண்டின் முடிவு வரை நீட்டினர். அவ்வரைபடத்துக்கு அமையக் கட்டினால், கட்டியது இன்றாயினும் அது பழைய விமானமே. ஒரு பழம் பண்ணை இன்று பாடினாலும் அது பழம் பண்ணாக இருப்பது போன்றது இது.

மரமும் கடதாசியும்

இக்கலைக்கு உயிர்நாடியான மரம் பல்சா. தென்னமெரிக்காவிலே, சிறப்பாக ஈக்குவடோர் நாட்டிலே, விரைந்து வளரும் மரம் அது. ஒரு கன அடி நீர் 62 இறாத்தல் நிறை உடையது. தேக்கு ஏறக்குறைய 40 இறாத்தல். விமானத்துக்கு நாம் தெரிந்தெடுக்கும் பல்சாவோ 6 முதல் 12 இறாத்தலே. 1947 ஆம் ஆண்டிலே தோர் ஐயர்டால் என்னும் நோர்வேக்காரர் பசிபிக் சமுத்திரத்தை 101 நாளிற் கடந்தது இம்மரத்துத் தெப்பத்திலேதான். இரண்டாம் உலகப் போரில் பெயர் பெற்ற மொஸ்கிற்றோ என்னும் பிரித்தானிய விமானத்தின் உடலும், மெல்லிய ஒட்டுப்பலகைகளுக்கு இடையே பல்சாவை வைத்துச் செய்யப்பட்டதே.

வேலை தொடங்கும் முறை எளிது. மென்மையான பலகையொன்றின் மீது வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாதிருக்க அதன்மேல் மெழுகுக் கடதாசியைப் பரப்ப வேண்டும். அங்குலத்தின் எட்டிலொரு பங்கு பருமனுள்ள குச்சிகளை வரைபடத்துக் கோடுகளின் மீது வைத்துக் குண்டூசிகளால் நிறுத்தி, குறுக்குக் குச்சிகளைக் கூரிய அலகினால் வெட்டி இடையிற் பொருத்தி ஒட்ட வேண்டும். இவ்வாறு விமானத்தின் இரு பக்கங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக உருவாகும். இறக்கைக்கு ஒரே அளவான விலா எலும்புகள் பல வேண்டும். அவற்றை வெட்டும்போது மாலை நேரம் எப்படிக் கழிகின்றதென்பதே தெரியாது.

பின்னர்க் கடதாசி போர்த்தல். பட்டத்துக்கு ஒட்டும் ரிசுக் கடதாசியைப் போன்றதே இதுவும். ஒட்டியவுடன் அது சுருக்கம் விழுந்து, கண்கொண்டு பார்க்க முடியாதபடி இருக்கும். அதன்மீது மெல்லிய நீர்த்துளிகளைத் தெளித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நீர் உலர உலர, யாரோ கண்ணுக்குத் தெரியாத கையால் இழுப்பது போலச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, கடதாசி மத்தளத்தின் தோலென விறைத்து நிற்கும். அதன்மேல் 'டோப்' என்னும் வார்னிஷை நீர்த்துப் பூசினால் காற்றும் ஈரமும் புகா. அதன் ஆவி தலையைச் சுற்ற வைப்பது. ஆகையால் யன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டே பூச வேண்டும். இத்தனையும் முடிந்த பின்னர் விமானத்தைக் கையில் ஏந்திப் பார்த்தால், ஒரு சிட்டுக்குருவி கையில் அமர்ந்திருப்பது போலத் தோன்றும். நிறை இருக்கின்றதா இல்லையா என்று ஐயம் எழும்.

ஓர் அண்ணனின் இறக்கை

நாம் இக்கலையைக் கற்றது இங்கிலாந்திலே, எமது பக்கத்து வீட்டுப் பெரியவரிடத்தில். இயந்திரத் தொழிற்சாலையிலே நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். குடிபெயர்ந்து வந்த புதிதில் அந்நாட்டவரின் வாசலைக் கடக்க எமக்குத் தயக்கமாக இருந்த காலம். அவருடைய கொட்டிலின் யன்னலூடாகத் தெரிந்த எலும்புக்கூடு போன்ற விமானமொன்று எம்மை உள்ளே அழைத்தது. வரைபடத்தைப் படிக்கவும், மரத்தை விரலால் வளைத்துப் பார்த்தே தரம் பிரிக்கவும், இறப்பருக்கு ஆமணக்கெண்ணெய் பூசி, அதனை மூன்று பங்கு நீளத்துக்கு இழுத்துக்கொண்டு கைத்துளைபொறியினால் முறுக்கவும் அவரே கற்றுத் தந்தார்.

சில ஆண்டுகளில் அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. அலகைப் பிடிக்க முடியவில்லை. அப்பொழுது ஒருநாள், பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றி வைத்திருந்த இறக்கையொன்றைக் கொண்டுவந்து எமது மேசை மீது வைத்தார். கீல்கிராப்ட் நிறுவனத்தார் விற்ற 'செனற்றர்' என்னும் விமானத்தின் இறக்கை அது; 32 அங்குல நீளம். 1950களின் தொடக்கத்திலே அவருடைய அண்ணன் கட்டியது. உடலைக் கட்டத் தொடங்குமுன் அண்ணன் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அக்காலத்திலே பத்துப் பவுண் கட்டணத்துடன் பிரித்தானியர் பலர் அவ்வாறு சென்றனர். சென்றவர் திரும்பி வரவில்லை. கடிதங்கள் வந்தன, பின்னர் கடிதங்களும் நின்றன. சகோதரர் இருவரும் மீண்டும் ஒருவரையொருவர் காணவேயில்லை.

அந்த இறக்கைக்கு ஓர் உடலும் வாலும் கட்டித் தர வேண்டும் என்பது பெரியவரின் வேண்டுகோள். ஒரே தாயின் பிள்ளைகள் நாலு நாட்டிற் சிதறி வாழும் எமக்கு, அதனை மறுக்கும் வலிமை எங்கிருந்து வரும்?

எமது மகளுக்கு அப்பொழுது பன்னிரண்டு வயது. அவளும் நாமுமாக ஒரு மாரிகாலம் முழுவதும் அவ்வேலையைச் செய்தோம். இறக்கையின் பழங் கடதாசி பழுத்த இலைபோல உதிர்ந்தது. அதனைக் களைந்து புதியது போர்த்தோம். உள்ளே விலா எலும்பொன்றிலே பென்சிலால் எழுதிய இரண்டு முதலெழுத்துக்கள் இருந்தன. ஒன்று அண்ணனுடையது, மற்றது தம்பியுடையது. மகள் அதனைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

விமானம் முடிந்த அன்று அவள் எம்மிடம், "அப்பா, இதைப் பறக்க விடவேண்டாம். உடைஞ்சு போனால் என்ன செய்யிறது? கண்ணாடிப் பெட்டியிலை வைச்சுக் குடுப்பம்" என்றாள். எமது எண்ணமும் அதுவே. பெரியவரிடம் அதனைச் சொன்னோம். அவர் சற்று நேரம் சிந்தித்துவிட்டு, ஐம்பது ஆண்டாக அது பெட்டிக்குள்தானே இருந்தது, அண்ணன் அதனைப் பெட்டிக்காகக் கட்டவில்லையே என்றார். அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

ஆனி மாதத்து மாலையொன்றில், காற்று அடங்கிய வேளையில், புல் நீண்டு வளர்ந்த வெளிக்குச் சென்றோம். முதலில் முறுக்காமலே தோளுயரத்திலிருந்து மெல்லத் தள்ளிவிட்டோம். மூக்கை உயர்த்திப் பின்னர் தலைகுப்புற விழுந்தால் வால் கனம். நேரே தரையை நாடினால் மூக்குக் கனம். மூக்கிலே சிறிதளவு பிளாஸ்ரிசின் வைத்தவுடன் அது நீரோட்டத்தில் இலை செல்வது போலச் சென்று புல்லில் அமர்ந்தது. அடுத்துச் சிறிது முறுக்கு. அதன்பின் சில நூறு முறுக்கு. பெரியவர் தாமே விமானத்தைப் பிடித்தார். நடுங்கிய கை விமானத்தைப் பற்றியதும் எவ்வாறோ அடங்கியது.

விட்டார். அது வலப்புறமாக வட்டமிட்டு ஏறியது. இறப்பரின் வலு தீர்ந்து விசிறி சும்மா சுழன்றபோதும் அது இறங்கவில்லை, ஏறியது. வேக்பீல்ட் போட்டியின் புதிருக்கு விடை இதுதான். வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து சூடான காற்று தூணாக எழும். சிறகை அசையாது விரித்து வட்டமிடும் பருந்து ஏறிச் செல்வது அத்தூணிலேதான். மாலையாகியும் அவ்வெளியில் அன்று சூடு எஞ்சியிருந்தது. அகப்பட்ட விமானம் முகில் வரை சென்று மறைந்துவிடுவதும் உண்டு. அதற்கு ஒரு காப்பும் உண்டு. வாலை அழுத்தி நிறுத்தும் இறப்பர் வளையத்தினூடே, மெல்லப் புகைந்து எரியும் திரியொன்றைச் செருகி வைப்பார்கள். குறித்த நேரத்தில் அது வளையத்தை எரித்து அறுக்க, வால் மேல்நோக்கி எழும். விமானம் பறக்கும் ஆற்றலை இழந்து ஆடாமல் அசையாமல் கீழே இறங்கும். புல் காய்ந்த காலத்தில் தீ அபாயம் உண்டென்பதால் இப்பொழுது சிறு கடிகாரப் பொறியையே பலர் பொருத்துகின்றனர். நாம் பொருத்தியதும் அதுவே.

மகள் அண்ணாந்து பார்த்தபடியே ஓடினாள். வாற்கோதுமை வயலுக்கு அப்பால், வேலி மரங்களின் மேலே, அது ஒரு கொசுவளவாயிற்று. பின்னர் வால் எழுந்தது தெரிந்தது. பின்னர் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் தேடினோம். பெரியவர் வரம்பிலே ஊன்றுகோலுடன் நின்றார். முகத்தில் கவலைக்குறி எதுவும் காணோம். இருள் கவியும் வேளையில் மகள் அதனை வேலிச் செடியொன்றிலே கண்டெடுத்தாள். கடதாசி கிழிந்து, இறக்கையில் விலா எலும்பொன்று முறிந்திருந்தது. எழுத்துக்கள் இருந்த எலும்பன்று; அடுத்தது.

அவள் கண்கலங்கி அதனை நீட்டினாள். பெரியவர் முறிவை விரலால் தடவிப் பார்த்து, அதனை நீயே மாற்று, உன் எழுத்தையும் அதில் எழுது என்று அவளிடம் கூறினார். அவள் அவ்வாறே செய்தாள்.

அடுத்த இரண்டு கோடையிலும் அவ்விமானம் பறந்தது. அதன்பின் வந்த மாரியில் பெரியவர் காலமானார். இறக்கை இப்பொழுது எம்மிடம் உள்ளது. ஆண்டுக்கொரு முறை, நல்ல மாலை வாய்க்கும்போது, அதனைப் பறக்க விடுகின்றோம். என்றோ ஒருநாள் அது மீளாது போகக்கூடும். அவ்வெண்ணம் முன்னர் எமக்கு நெஞ்சிடியாக இருந்தது, இப்பொழுது அவ்வளவில்லை.

மாணவருக்கு ஒரு வார்த்தை

பெட்போட்சயரிலுள்ள பழைய வார்டன் என்னும் ஊரிலே, உண்மையான பழம் விமானங்கள் இன்றும் பறக்கும் புகழ் வாய்ந்த ஷட்டில்வேர்த் விமானத் தொகுப்பு இருக்கின்றது. அத்திடலிலே மாதிரி விமானக்காரர் கூடும் நாட்களும் உண்டு. அங்கே எண்பது வயதினர் தம் பேரப்பிள்ளைகளிடம் முறுக்கும் பொறியைக் கொடுத்து எண்ணச் சொல்லுவதைக் கண்டிருக்கின்றோம். பழைய விமானத்தினுள் குண்டுமணி போன்ற வானொலிக் கருவியை ஒளித்து வைத்து, அதனை வீட்டுக்குத் திருப்பிக் கொணர்பவரும் உளர். அது கூடாதென்று சண்டையிடுபவரும் உளர். எந்தக் கோயிலில்தான் இரு கட்சி இல்லை?

இதனை வாசிக்கும் பிள்ளைகள், பல்சாவுக்கு நாம் எங்கே போவது என்று மயங்க வேண்டாம். ரைட் சிறுவரை மயக்கிய பொருளில் இருந்தவை மூங்கிலும் தக்கையும் கடதாசியுமே. தென்னை ஈர்க்கும், சீவிய மூங்கிலும், பட்டக் கடதாசியும் எமது முற்றங்களில் குறைவில்லை. முதலில் தடித்த கடதாசி மட்டையிலே இறக்கையும் வாலும் வெட்டி, ஈர்க்கில் ஒட்டி, மூக்கிலே சிறிது களிமண் வைத்து எறிந்து பாருங்கள். மண்ணைக் கூட்டியும் குறைத்தும், வாலின் ஓரத்தை மயிரிழையளவு மடித்தும் பாருங்கள். ஒரு வேளையில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, விளைவைக் கொப்பியில் குறித்து வையுங்கள். விஞ்ஞானம் என்பது வேறொன்றுமில்லை; அதுவேதான். அறுவடை முடிந்த வயல் இதற்கு ஏற்ற இடம். மின்கம்பி செல்லும் தெருவும் விமான நிலையத்தின் அயலும் ஆகா.

பெற்றோர்க்கும் ஒன்று கூற விரும்புகின்றோம். பிள்ளை மூன்று வாரமிருந்து கட்டியது மூன்று விநாடியில் உடைந்து விழும்போது, "காசும் நேரமும் போச்சு" என்று சொல்லாதிருங்கள். முறிந்த குச்சியை எடுத்து, பசைப் புட்டியை அருகில் வைத்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் அமருங்கள். அவ்வளவே போதுமானது.